கால் பழகிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே

"கொஞ்ச நாள் ஓட்டு, கால் பழகிடும்."

சொந்தமாக வண்டி கட்டுகிற பிள்ளைகளுக்கு ஊர் சொல்லும் புத்திமதிகளில் இதைவிட மோசமானது கிடையாது. ஸ்கொயர் பைப்பை அளந்து வெட்டி, வெல்டிங் அடித்து, சென்னை புதுப்பேட்டையில் பழைய மாருதி 800 எஞ்சினைத் தேடிப் பிடித்து, கியர்பாக்ஸோடு சித்தூர் வரை கொண்டுவந்து சேர்த்து, ஒரு வண்டியை நிறுத்திவிட்டாய். எஞ்சின் முதன்முதலாக உறுமியபோது தெருவே திரண்டது. கியர் போடலாம் என்று கிளட்சை மிதித்தால் பெடல் இறங்க மாட்டேன் என்கிறது. முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து மிதித்தால்தான் அசைகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "இந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியே வாங்கியிருக்கலாமே" என்றார். மூன்றாமவர் உன்மேல் பிரியமுள்ளவர். தோளைத் தட்டி, "கால் பழகிடும், விடு" என்றார்.

தம்பி, முதல் இருவரையும் மறந்துவிடு. அவர்களால் உன் வண்டிக்கு ஒரு சேதமும் இல்லை. மூன்றாமவரின் பேச்சைத்தான் நீ தூக்கி எறிய வேண்டும். ஏனென்றால் அவர் சொல்வது உண்மை. கால் பழகும். மனிதனுடைய கால் எதற்கும் பழகும். ஒரு மாதத்தில் தொடை வலுத்துவிடும், வலி மறந்துவிடும், இறுக்கம்தான் இயல்பு என்று தோன்றிவிடும். ஆனால் கேபிள் பழகாது. உள்ளே ஓடும் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே இருக்கும். நீ அடித்த வெல்டிங்கின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் நீண்டுகொண்டே போகும். வண்டி கியரில் இருக்கும்போது, எதிரே ஆள் நிற்கும்போது, கேபிள் அறுந்து பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். பழகிப்போன கால் அன்றைக்கு உன்னைக் காப்பாற்றாது.

எங்கோ ஓரிடத்தில் உன் பலம் வீணாகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உன்னைவிடத் தகுதியானவன் இந்த உலகத்தில் இல்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கம்பெனி காருக்குப் புத்தகம் இருக்கிறது, சர்வீஸ் சென்டர் இருக்கிறது. உன் வண்டிக்கு எந்தப் புத்தகமும் இல்லை. பெடலை எங்கே தொங்கவிட்டாய், கேபிளை எந்தப் பக்கம் வளைத்தாய், பிராக்கெட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் தகடு போட்டாய் என்பதெல்லாம் உனக்கு மட்டுமே தெரியும். உன்னை விட்டால் அந்த வண்டிக்கு வேறு நாதி இல்லை. ஆகவே தன்னம்பிக்கை என்பது உனக்கு விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளும் குணம் என்று நினைக்காதே. உன் கருவிப்பெட்டியில் ஸ்பேனருக்கு முன்னால் இருக்க வேண்டிய சாமான் அது.

எந்த மண்ணில் நின்றுகொண்டு நீ தயங்குகிறாய் என்றும் யோசித்துப் பார். 1944-ல் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா திட்டமிட்ட பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகள். 1974-ல் வந்த இரண்டாவது பாதையில் இன்று வண்டிகள் ஏறுகின்றன, பழைய பாதையில் இறங்குகின்றன. அந்த மலையில் தினமும் ஏறி இறங்கும் ஒரு டிரைவரிடம் போய்க் கேள். ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டால் பிளேட் எப்படிக் கருகும், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்ன செய்ய வேண்டும் என்று மணிக்கணக்கில் சொல்வார். கிளட்ச் என்றால் என்ன என்று காலாலேயே படித்தவர்கள் உன் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியைப் பார். சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்டா என்ற கிராமத்தில் பிறந்த கல்லா ராமச்சந்திர நாயுடு அமெரிக்காவில் என்ஜினியராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, 1985-ல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று ஊர் ஊராகக் கார்களை ஸ்டார்ட் பண்ணும் பேட்டரிகள் இந்த மண்ணிலிருந்து போகின்றன. சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசூ வண்டிகள் உருவாகின்றன. சின்னபாண்டூரில் 2020 முதல் அப்போலோ டயர் வருகிறது. பகல் ஷிஃப்டில் அங்கே போல்ட் முறுக்கிவிட்டு, ராத்திரி வீட்டுக் கொட்டகையில் சொந்த வண்டிக்கு முறுக்குகிற பிள்ளைகளை நினைத்துதான் இதை எழுதுகிறேன். தொழிற்சாலையில் எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். உன் கொட்டகையில் அந்தக் காகிதத்தை எழுத வேண்டியவன் நீதான்.

பிரித்துப் பார்த்தவர்களால்தான் இந்த உலகம் ஓடுகிறது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஹோட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம் அதை அக்கக்காகக் கழற்றியது. கழற்றிய கை 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டது. 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரையே செய்து நிறுத்தியது. அரசாங்க உரிமம் கிடைக்காததால் அந்தக் கார் சந்தைக்கு வராமல் போனது நம் நாட்டின் நஷ்டம். என் கணக்கில் அவருடைய நஷ்டம் இல்லை.

அதே கோவையில் கரிவர்தன் என்றொருவர் இருந்தார். மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து ஒற்றை சீட் ரேஸ் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். நீ இன்று கட்டிப் புரள்கிற அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் தம்பி! அந்த வகைக் கார்களில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995-லேயே விமான விபத்தில் இறந்துபோனார், அதைப் பார்க்க அவர் இல்லை. செட்டிப்பாளையம் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்களுக்குத் தாய்வீடு இங்கிலாந்து. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் அதில் பேர்போனது. அந்தக் காலத்தில் முழுக் காராக வாங்கினால் வரி, பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக் காரைப் பூட்டினார்களாம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கழற்றத் தெரிந்தவனுக்குப் பூட்டத் தெரியும் என்று அந்த மனுஷன் தன் வாடிக்கையாளர்களை நம்பியிருக்கிறார். உன்னை நீ அந்த அளவுக்காவது நம்ப வேண்டாமா?

சரி, எழுந்திரு. வேலைக்கு வா.

முதலில் ஒரு கொக்கித் தராசு வாங்கு. மாங்காய் மண்டியிலும் பழைய பேப்பர்க் கடையிலும் தொங்குகிறதே, அதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்று. அடியில் படுக்கப் போகிறாய் என்றால் ஜாக்கை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு வை. பெடலின் மிதி தகட்டில் கயிறு கட்டி, தராசால் முன்பக்கம் இழுத்துப் பார். முன்பக்கம் இன்னும் மூடாத வண்டி என்றால் வேலை சுலபம். பெடல் இறங்க எத்தனை கிலோ? எழுதிக்கொள். அடுத்து, கியர்பாக்ஸ் மேலிருக்கும் கிளட்ச் கையிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, அதே தராசால் அந்தக் கையை நேராக இழு. எத்தனை கிலோ? அதையும் எழுது.

இந்த இரண்டு எண்களைக் கண்டு பயந்து ஓடாத இறுக்கம் கிடையாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். கியர்பாக்ஸ் கை 20 கிலோ கேட்கிறது என்று வை. உன் பெடலின் அச்சிலிருந்து மிதி தகடு வரை 250 மில்லிமீட்டர், அச்சிலிருந்து கேபிள் கொக்கி வரை 50 மில்லிமீட்டர். ஒன்றுக்கு ஐந்து. அப்படியானால் காலுக்கு 4 கிலோதான் வர வேண்டும். தராசு 8 காட்டினால்? பாதி பலத்தை நடுவழியில் யாரோ தின்கிறார்கள். அவர்கள் பெடலிலோ கேபிளிலோதான் இருக்க வேண்டும். மாறாக, கியர்பாக்ஸ் கையே கேட்கக்கூடாத அளவுக்குக் கேட்டால் குற்றவாளி பெல் ஹவுசிங்குக்குள் இருக்கிறான். எவ்வளவு கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டுமா? மாருதி 800-இன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டாலும் ஊரில் இன்னும் ஓடுகிறது. நல்ல கிளட்ச் உள்ள ஒன்றின் சொந்தக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு அதே தராசால் அளந்து பார்.

முதலில் பெடல். கேபிளைப் பெடலிலிருந்தும் கழற்றிவிட்டு, பெடலைத் தூக்கி விடு. தன் கனத்திலேயே விழ வேண்டும். விழாமல் அந்தரத்தில் நின்றால் அச்சுப் போல்ட்டைப் பார். வீட்டில் கட்டிய வண்டிகளில் இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். புஷ்ஷுக்குள் நேராகப் போல்ட்டைச் செருகி நட்டை முறுக்கினால், இரண்டு பக்கத் தகடும் நெருங்கி வந்து பெடலைக் கவ்விக்கொள்ளும். நட்டைத் தளர்த்தினால் பெடல் ஆடும், முறுக்கினால் இறுகும். லேத் பட்டறையில் புஷ்ஷுக்குள் நுழைகிற மாதிரி ஒரு ஸ்டீல் குழாய் கடைந்து வாங்கு. புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கட்டும். இனி நட்டு அந்தக் குழாயைத்தான் இறுக்கும், பெடல் சுதந்திரமாக ஆடும். கைப்பிடி அளவு இரும்பில் தீர்கிற விஷயம்! இதற்கா தொடை வலிக்க மிதிக்கச் சொன்னார்கள்?

அடுத்தது கேபிள். இங்கேதான் பெரிய திருட்டு நடக்கிறது. முன்பக்கம் இருந்த எஞ்சினை கியர்பாக்ஸோடு தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டாய் என்றால், கேபிள் முன்னாலிருந்து பின்னால் வரை போக வேண்டும். நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதே, வளைவைப் பற்றிக் கவலைப்படு. எங்கெங்கே எவ்வளவு வளைகிறது என்று எல்லாக் கோணங்களையும் கூட்டு. உள் கம்பிக்கும் உறைக்கும் உராய்வு 0.15 என்று வைத்துக் கணக்குப் போட்டால், மொத்த வளைவு 90 டிகிரியாக இருக்கும்போது 20 கிலோ வேலைக்கு 25 கிலோ இழுக்க வேண்டும். 270 டிகிரி ஆனால் 40 கிலோ! சுமை இல்லாமல் கையால் ஆட்டும்போது கேபிள் வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றுமே தெரியாது. சுமை ஏறினால்தான் வளைவு தன் பங்கைக் கேட்கும். அதனால்தான் "கேபிளை ஆட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். இதோடு பெடலையும் ஒன்றுக்கு ஐந்துக்குப் பதில் ஒன்றுக்கு மூன்றாகச் செய்திருந்தால் காலுக்கு 13 கிலோவுக்கு மேல். வளைவைக் குறைத்துப் பெடலைச் சரிசெய்தால் 5 கிலோ. கிளட்ச் ஒன்றுதான். நீ போட்ட வழிதான் வேறு. பெடலின் விகிதத்தைக் கூட்டினால் மிதிக்கும் தூரமும் கூடும் என்பதை மறக்காதே. கிளட்ச் கை 25 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்றால் ஒன்றுக்கு ஐந்தில் கால் 125 மில்லிமீட்டர் போக வேண்டும், அதற்கு இடம் விடு. இரண்டு பழைய கேபிள்களை நடுவில் முடிச்சுப் போட்டு ஓட்டாதே. சரியான நீளத்தில் ஒரே கேபிளாகச் செய்து வாங்கு.

புதுக் கேபிள் போட்டும் சீக்கிரமே மறுபடி இறுகுகிறதா? அப்படியானால் கேபிளைத் திட்டாதே, எர்த் ஒயரைத் தேடு. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே தடித்த எர்த் ஒயர் போட மறந்திருந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும். அதற்குக் கிடைக்கும் இரும்பு வழிகளில் ஒன்று உன் கிளட்ச் கேபிள். கம்பி சூடேறி, உள்ளே இருக்கும் நைலான் உறை இளகி, கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் இறுகியதற்குக் காரணம் கரண்ட் என்று எந்த டீக்கடை நிபுணர் சொல்வார்? பேட்டரியைத் திரும்ப மாட்டி, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வைத்துப் பார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கரகம்பாடியிலிருந்து வந்த பேட்டரியே ஆனாலும், திரும்பிப் போக வழியில்லாத கரண்டை அது என்ன செய்யும்?

குற்றம் உள்ளேதான் என்று தராசு சொன்னால், தயங்காமல் கியர்பாக்ஸை இறக்கு. பெல் ஹவுசிங்கில் ரிலீஸ் ஷாஃப்ட் நுழையும் புஷ் காய்ந்து துருப்பிடித்திருக்கலாம். ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயில் பள்ளம் விழுந்திருக்கலாம். பிளேட் தேய்ந்திருக்கலாம். பிளேட் தேயத் தேய டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் நிற்கும் நிலை மாறும், மிதிக்கும் கனமும் ஏறும். பழைய எஞ்சினோடு வந்த பிளேட்டின் வயது யாருக்குத் தெரியும்? வேறு மாடலின் பிரஷர் பிளேட்டை எவரோ பூட்டியிருக்கவும் கூடும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் துடை.

இவ்வளவையும் செய்து முடிக்கும்போது உன் நோட்டில் பெடலுக்கு இத்தனை, கைக்கு இத்தனை, முன்பு இத்தனை, இப்போது இத்தனை என்று எண்கள் நிறைந்திருக்கும். அடுத்த தடவை "பழகிடும்" என்று எவராவது சொன்னால் வாதாடாதே. நோட்டைத் திறந்து காட்டு. தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்துவிட்டு, பட்டறையில் "பெண்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டுக் கேட்டுப் பழகிப்போகச் சொல்கிறார்களே, அந்தப் பழக்கமும் இதே ரகம். தராசை உன் கையில் எடு. 20 கிலோ என்று அது காட்டுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

ரோட்டுக்கு எடுத்துப் போகும் அவசரம் வேண்டாம். அங்கீகாரம் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டச் சட்டம் விடாது. மத்திய மோட்டார் வாகன விதி 126 புது வண்டிக்குச் சோதனை கேட்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பதிவான வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதையே தடுக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் தத்தாத்ரேய லோஹார் தன் மகனுக்காகப் பழைய பாகங்களில் கிக்கர் அடித்து ஸ்டார்ட் பண்ணும் ஒரு குட்டிக் காரைக் கட்டினார். 2021 டிசம்பரில் அதைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, இது விதிகளுக்கு உட்பட்டதல்ல என்றும் சொன்னார், அந்தத் திறமையைப் பாராட்டவும் செய்தார். அடுத்த மாதம் அந்தக் குடும்பத்துக்குப் புது பொலேரோ போய்ச் சேர்ந்தது, குட்டிக் கார் மஹிந்திராவிடம் போனது. உனக்குப் பொலேரோ வர வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. ரோட்டுத் தகுதி வேறு, உன் கைத்திறமை வேறு. ஒன்று இல்லாததால் மற்றதை யாரும் மறுக்க விடாதே. சொந்தக்காரரின் அனுமதியோடு, வேலி போட்ட மாந்தோப்பில், ஆளில்லாத நேரத்தில், முதல் கியரில் ஓட்டிப் பழகு.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கிளட்ச் பெடலைத் தொங்கவிட்ட அதே சட்டத்தில், அதே கையால் அடித்த வெல்டிங்கில், பக்கத்திலேயே பிரேக் பெடல் தொங்குகிறது. அந்த அச்சிலும் போல்ட் கவ்வுகிறதா? கால் எடுத்தால் முழுதாகத் திரும்பி வருகிறதா? பலமாக மிதித்தால் பெடல் தொங்கும் முன்தகடு வளைகிறதா? தகடு வளைந்தால் நீ கொடுக்கும் பலம் சக்கரத்துக்குப் போகாது. வண்டியை அசைக்காமல் நிறுத்தி வைத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து இரண்டு காலாலும் மிதிக்கச் சொல். நீ வெளியே குனிந்து, டார்ச் அடித்து அந்தத் தகட்டையே பார். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் இன்றைக்கு வண்டி கிளம்பாது. வெல்டிங் மெஷினை ஆன் பண்ணு.